ஊ, தே: சுரைக்குடுக்கையில் தாளக்கருவி செய்த கதை

"நீங்கள் தட்டப்போகும் கருவியை நீங்களே செய்துகொண்டு வாருங்கள்" என்று, ஹவாயியின் பாரம்பரிய நடனமான ஹூலாவைச் சொல்லித்தரும் என் குமு (ஆசிரியர்) சொன்னபோது எனக்கு அது பெரிய வேலையாகத் தோன்றவில்லை. காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டை வெட்டி ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும், அவ்வளவுதானே? சுரைக்காய் நமக்குத் தெரியாததா? ஐந்து மாதம், அழுகிப்போன ஒரு காய், ஒரு விரல் வெட்டு, பிரித்து மறுபடி ஒட்டிய ஒரு மூட்டு. இவ்வளவும் ஆன பிறகு இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது ஹவாயியின் பெரிய தீவில், ஹீலோ ஊரில். ஹூலா சொல்லித்தரும் பள்ளியை இங்கே ஹாலாவ் என்பார்கள், ஆசிரியர் குமு. சுற்றுலா விளம்பரத்தில் வரும் புல்பாவாடையை மனதில் வைத்துக்கொண்டு சேர்ந்தவள்தான் நானும். முதல் மாதம் ஆடவே விடவில்லை, வரிகளை வாயால் சொல்லிச் சொல்லிப் பழகத்தான் விட்டார். ஹூலாவில் சொல்தான் முதல், கையும் காலும் அதன் பின்னால் வருபவை. கிட்டாரும் யுகுலேலேயும் வைத்து ஆடும் பிற்காலப் பாணி ஔவானா. பழைய பாணி கஹிக்கோ. அதில் ஓதுபவரின் குரலும் அவர் கையில் இருக்கும் தாளக்கருவியும்தான் எல்லாம்.

அந்தக் கருவிகளில் அதிகம் கண்ணில் படுவது இப்பு ஹெக்கே. இப்பு என்றால் சுரைக்குடுக்கை. ஒரே குடுக்கையாக இருந்தால் இப்பு ஹெக்கே ஓலே, மேலே இன்னொன்றைப் பொருத்தினால் இப்பு ஹெக்கே. இங்கே முதலில் வந்து குடியேறிய பசிபிக் தீவு மக்களான பாலினீசியர்கள் தோணியில் கொண்டுவந்து நட்ட செடிகளில் ஒன்று இந்தச் சுரை. தாவரவியல்படி நம் வீட்டுக் கூரையில் படரும் அதே சுரைக்கொடிதான். பாம்பாட்டியின் மகுடியில் நாம் பார்த்த அதே குடுக்கை.

முதலில் வாசல். வகுப்புக்குப் போனால் நேரே உள்ளே நுழைந்துவிட முடியாது. வெளியே வரிசையாக நின்று, அனுமதி கேட்கும் ஓலியைச் சேர்ந்து சொல்ல வேண்டும். ஓலி என்பது ஆட்டம் இல்லாமல் ஓதுவது. உள்ளேயிருந்து குமு பதில் ஓலி சொன்னால்தான் கால் எடுத்து வைக்கலாம். எங்கள் முதல் வாரத்தில் பதிலே வரவில்லை. மழைச் சாரலில் நின்றுகொண்டு நான்கு முறை சொன்னோம். கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கும் சத்தம் கேட்கிறது, ஆனால் பதில் இல்லை. ஐந்தாவது முறை எல்லோரும் எரிச்சலில் அடிவயிற்றிலிருந்து கத்தினோம். உடனே பதில் வந்தது. அதைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

இங்கே ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஹவாய் மொழியில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும். 'கல' என்றால் ஒரு மீன், 'காலா' என்றால் பணம். உடன் படிக்கும் அமெரிக்கப் பெண்களுக்கு இது பிடிபட வெகுநாள் ஆனது. நமக்கோ அரிச்சுவடியிலேயே வந்துவிடுகிறது. ஆனால் சொல்லுக்கு நடுவில் தொண்டையை ஒரு நொடி அடைத்துத் திறக்கும் ஓகினா என்ற மெய்யில் என் கர்வம் கவிழ்ந்தது. அது இன்னும் சரியாக வரவில்லை. 'மெலே' என்றால் பாட்டு, கவிதை. அதைக் கேட்கும்போதெல்லாம் கூரையை அண்ணாந்து பார்க்கிற பழக்கமும் போகவில்லை.

சரி, குடுக்கைக்கு வருவோம்.

எங்கள் வகுப்பில் ஒரு ஆன்ட்டி இருக்கிறார். நம் ஊர்போலவே இங்கும் மூத்தவர்கள் எல்லோரும் ஆன்ட்டி, அங்கிள்தான். அவர் தன் தோட்டத்திலிருந்து பச்சையாக ஒரு இப்புவைக் கொடுத்தார். கொடி தானாகக் காய்ந்த பிறகு பறித்திருந்தால் சரியாக இருந்திருக்கும். புயல் வரும் என்ற பயத்தில் முன்பே பறித்துவிட்டார். அதை வீட்டுத் தாழ்வாரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். ஹீலோவில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. துவைத்த துண்டே இரண்டு நாளில் காயாது, சுரைக்காய் காயுமா? மேல்தோலில் பூஞ்சை படர்ந்தது. அது சகஜம்தான், காயும் குடுக்கையில் பூஞ்சை படரும், பிறகு சுரண்டிவிடலாம் என்றார்கள். ஏழாவது வாரம் அடிப்பக்கத்தைத் தொட்டேன், கட்டைவிரல் உள்ளே போனது. நாற்றத்தைப் பற்றி எழுத வேண்டாம்.

அடுத்த வகுப்பில் சொன்னேன். குமு, "மலையின் அந்தப் பக்கம்" என்று மட்டும் சொன்னார். கீழைக்காற்று கொண்டுவரும் மழையை மவுனா கெயாவும் மவுனா லோவாவும் இந்தப் பக்கமே இறக்கி வைத்துவிடுகின்றன. அந்தப் பக்கம் கோனாவில் வெயில். அங்கே ஒருவரிடம் காய்ந்த குடுக்கை இரண்டு வாங்கினேன். கடைகளில் கலிபோர்னியாவில் விளைந்த குடுக்கைகளும் கிடைக்கும், பலர் அதில்தான் செய்கிறார்கள். இங்கே விளைவிப்பது சுலபமில்லை. 1890களில் வந்து சேர்ந்த பூசணி ஈ பிஞ்சிலேயே துளைத்துவிடும்.

குடுக்கையை எப்படித் தேர்ந்தெடுப்பது? குலுக்கினால் விதை கலகலவென ஆட வேண்டும். ஒரே அளவில் இரண்டு இருந்தால் கனமானதை எடுக்க வேண்டும், ஓடு தடிமனாக இருக்கும். விரல் மூட்டால் தட்டினால் சத்தம் 'டொக்' என்று உடனே நின்றுவிடக் கூடாது, கொஞ்சம் நீள வேண்டும். கீழ்க்குடுக்கைக்கு உயரமான, கழுத்துள்ள காய். மேலுக்கு உருண்டையான சின்னக் காய். என்னுடையது இரண்டும் பொருந்திய பிறகு முழங்கால் உயரத்துக்குச் சற்று மேல்.

ஈரத்துணியைச் சுற்றி அரைமணி நேரம் ஊறவைத்தேன். பிறகு பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்தேன். மெழுகுபோன்ற மேல்தோல் பூஞ்சையோடு உரிந்து வந்தது. அடியில் தேன் நிறத்தில் ஓடு, பூஞ்சை விட்டுப்போன பழுப்புத் திட்டுகளோடு. அந்தத் திட்டுகளை நான் எடுக்கவில்லை, மேகம்போல அழகாகத்தான் இருக்கின்றன. நீஹாவு தீவில் பச்சைக்காயின் தோலைக் கோலமாகச் சீவிவிட்டு, உள்ளே சாயத்தை ஊற்றி, ஓட்டில் உருவம் இறங்கச் செய்யும் பழைய கலை ஒன்று உண்டு. அதைப் பார்த்தால் என் பூஞ்சைக் கோலம் ஒன்றுமில்லை.

வெட்டும்போது மாஸ்க் கட்டாயம். நான் முதலில் கட்டவில்லை. உள்ளே இருக்கும் காய்ந்த சதைத் தூள் தொண்டையில் இறங்கி, இரண்டு நாள் காபியே கசந்தது. பென்சிலைப் புத்தக அடுக்கின்மேல் அசையாமல் வைத்துக் குடுக்கையைச் சுற்றினால் வட்டம் நேராக விழும். பல் நெருக்கமான சின்ன ரம்பத்தால் கீழ்க்குடுக்கையின் கழுத்தை வெட்டினேன். அடுத்து மேல்குடுக்கையின் அடியில் ஒரு வட்டம். கீழ்க் கழுத்தின் உதடு அந்த வட்டத்துக்குள் கால் அங்குலம் ஏறி இறுக்கமாக உட்கார வேண்டும். விரலை வெட்டிக்கொண்டதும் இங்கேதான்.

உள்ளே சுத்தம் செய்யக் கரண்டி, கூழாங்கல், தண்ணீர் என்று ஆளுக்கொரு வழி. கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுதான் பழைய முறை. எனக்கு எதுவும் சரிப்படவில்லை. கடைசியில் ஊரிலிருந்து கொண்டுவந்த கைப்பிடித் தேங்காய்த் துருவியை உள்ளே விட்டேன். பஞ்சுபோல எல்லாம் வந்துவிட்டது! வகுப்புக்கு எடுத்துப்போனேன். குமு அதை வாங்கி, பல்லைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். இங்கேயும் பலகையில் உட்கார்ந்துகொண்டு, முன்னால் நீட்டியிருக்கும் பல்லில் தேங்காய் துருவுவது உண்டு. நம் பாட்டிமார் வைத்திருந்த துருவுபலகையின் உறவு அது. அன்று வகுப்பில் என் துருவி ஆறு கை மாறியது.

என் பிழை மேல்குடுக்கையின் வட்டத்தில். இரவு உட்கார்ந்து வீடியோ பார்த்து, அதில் சொன்னபடி ரம்பத்தைச் சாய்த்துப் பிடித்தேன். ஓடு என்னுடையதில் தடிமன். உள்பக்கம் சரியாகவும் வெளிப்பக்கம் பெரிதாகவும் போய், அதைச் சமன் செய்ய உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, வட்டம் முழுவதுமே பெரிதாகிவிட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் ஆட்கள் சொன்னது அப்படியே எனக்குத்தான்.

கழுத்து உள்ளே போய் லொடலொடவென்று ஆடியது. வேறு குடுக்கை வாங்கப் பணமும் பொறுமையும் இல்லை. மரப்பசையில் குடுக்கைத் தூளைக் குழைத்து இடைவெளியை அடைத்தேன். முன்பு பலா இனத்தைச் சேர்ந்த ஈரப்பலாவின் பால்தான் பசை. இப்போது பெரும்பாலும் கடைப்பசைதான், குமுவும் தடை சொல்வதில்லை. பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி மேலும் கீழும் இழுத்துக் கட்டி ஒருநாள் விட்டேன். பார்க்க நன்றாகவே இருந்தது. பிசிறை உப்புத்தாளால் எடுத்ததும் அடைத்த இடமே தெரியவில்லை.

அடுத்தது மேல்வாய். மேல்குடுக்கையின் உச்சியில் திறக்கும் ஓட்டை இது. அவசரப்படவே கூடாத இடம். குமு சொல்லித்தந்தது இவ்வளவுதான்: சின்னதாகத் திற, தட்டு, கேள். வாய் பெரிதாகப் பெரிதாகச் சுருதி ஏறும். ஏறியதை இறக்க முடியாது. நான் இரண்டு அங்குலத்தில் ஆரம்பித்தேன். தரையில் துணியை மடித்துப் போட்டு இறக்கினால், சத்தம் போர்வைக்குள் பேசுவதுபோல இருந்தது. நெல் அகலத்துக்குத் தேய்த்தேன், மறுபடி இறக்கினேன். ஒரு சனிக்கிழமை முழுவதும் இதே வேலை. சாயங்காலம் ஒரு தடவை இறக்கியபோது சத்தம் குடுக்கையை விட்டு வெளியே வந்தது. தரைவழியாக ஏறி முழங்காலில் தெரிந்தது. அங்கே நிறுத்தினேன்.

இந்தக் கருவிக்கு இரண்டே சொல்கட்டுதான் அடிப்படை. கீழே இறக்கினால் 'ஊ'. தூக்கிய நிலையில் வலக்கை விரல்களால் ஓட்டின் பக்கவாட்டில் தட்டினால் 'தே'. குடுக்கையின் இடுப்பில் சுற்றிக் கட்டிய கயிற்று வளையத்தில் இடக்கை மணிக்கட்டு நுழைந்திருக்கும். தத்தகாரம் கேட்டு வளர்ந்தவளுக்கு இது எளிது என்று நினைத்தேன். தட்டிக்கொண்டே ஓத வேண்டும், மூச்சு வரி நடுவில் அறுந்துவிடக் கூடாது என்பதுதான் சிக்கல்.

மூன்று வாரம் நன்றாக ஓடியது. நான்காவது வாரம் 'ஊ'வுக்குப் பின்னால் ஒரு இரைச்சல் கேட்டது, ஓட்டைத் தேனீப்பெட்டிபோல. வீட்டில் யாருக்கும் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. வகுப்பில் இருபது பேர் ஒன்றாக இறக்கும்போது குமு நிறுத்தச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருவராக இறக்கச் சொன்னார். என் முறை வந்ததும் கண்ணைத் திறந்தார்.

குடுக்கையை மடியில் வைத்துக்கொண்டு மூட்டைச் சுற்றி நகத்தால் கீறினார். ஒரு இடத்தில் அடைப்பு பொரிந்து விழுந்தது. எனக்குத் தலை நிமிரவில்லை. இந்த ஊரில் ஒரு பழமொழி உண்டு: கண் பார்க்கட்டும், காது கேட்கட்டும், வாய் மூடியிருக்கட்டும். அதை நான் மாணவர்களுக்கான விதி என்று நினைத்திருந்தேன். ஆசிரியரும் அதையே கடைப்பிடித்தார். திட்டவில்லை, விளக்கவில்லை. ஆள்காட்டி விரலைக் கழுத்தின் உதட்டில் வைத்து, மெதுவாகக் கீழே, வயிற்றை நோக்கி அரை அங்குலம் இழுத்துவிட்டு, என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

வண்டியோட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும்வழியில்தான் உறைத்தது. கழுத்து மேலே ஒடுக்கம், கீழே போகப்போக அகலம். வட்டத்தைச் சிறிதாக்க முடியாது. ஆனால் கழுத்தை அரை அங்குலம் கீழே இறக்கி வெட்டினால் உதடு பெரிதாகுமே! இடைவெளியே இருக்காது.

மரப்பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். வினிகரை வெதுவெதுப்பாக்கித் துணியில் நனைத்து மூட்டில் சுற்றினேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி, மெல்லிய கத்தியை ஓட்டி, இரண்டு மணி நேரத்தில் பிரித்துவிட்டேன். கழுத்தை இறக்கி வெட்டி, உதட்டைத் தேய்த்து, பொருத்திப் பார்த்தேன். இந்தமுறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை எரியவிட்டு உள்ளே இறக்கினேன். மூட்டில் வெளிச்சம் கசியும் இடமெல்லாம் இன்னும் ஒட்டாத இடம். பென்சிலால் குறி, உப்புத்தாள், மறுபடி டார்ச். ஒன்பது முறை. பத்தாவது தடவை இருட்டாகவே இருந்தது. பசையை மெல்லியதாகப் பூசி, உள்பக்கம் மூட்டின்மேல் மல்துணிப் பட்டை ஒன்றை ஒட்டி, டியூப் கட்டி, இரண்டு நாள் தொடவில்லை. உயரம் குறைந்ததால் சுருதி ஒரு நூல் ஏறியிருக்கிறது. பரவாயில்லை. குக்குயி என்ற கொட்டையின் எண்ணெயை ஒரே ஒரு கை பூசியதோடு சரி.

நாமே செய்ய வேண்டும் என்று ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒரு மூத்த மாணவி குமுவிடம் முன்பு கேட்டாராம். "உடைந்தால் யாரிடம் போவாய்?" என்று திருப்பிக் கேட்டாராம். சும்மா சொன்னதில்லை அது. 1830இல் காஅஹுமானு அரசி கிறித்தவ மதம் தழுவிய பின் பொது இடத்தில் ஹூலா ஆடத் தடை போட்டார். 1883இல் கலாகௌவா மன்னர் தன் முடிசூட்டு விழாவில் அதை மறுபடி அரண்மனை முற்றத்துக்குக் கொண்டுவந்தார். நடுவில் இருந்த அரை நூற்றாண்டு அது வீட்டுக்குள்ளும் கிராமங்களிலும்தான் உயிரோடு இருந்தது. 1893இல் அரசையே கவிழ்த்தார்கள், 1896இல் பள்ளிகளில் ஆங்கிலம்தான் என்று சட்டம் வந்தது. பேச்சே போன பிறகு ஓலி எங்கிருந்து வரும்? மேரி கவேனா புகுயி போன்றவர்கள் கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார்கள். மைக்கி ஐயு லேக் 1970களில் குமு ஆவதற்கென்றே வகுப்பு நடத்தினார். எங்கள் ஊரில் ஈடித் கனகாஓலே என்ற குமு இருந்தார். ஹீலோவில் ஈஸ்டருக்கு அடுத்த வாரம் நடக்கும் மெரி மொனார்க் ஹூலாப் போட்டிக்கு அவர் பெயரிட்ட அரங்கில்தான் கூட்டம் நெரியும். 2023இல் அமெரிக்காவின் 25 சென்ட் நாணயத்திலும் அவர் முகம் வந்தது. எனக்குச் சில்லறையில் ஒன்று கிடைத்தது, குடுக்கைக் கயிற்றோடு அதே பையில் கிடக்கிறது.

திருத்திய இப்புவோடு வகுப்புக்குப் போன அன்று குமு மறுபடி கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும் இறக்கச் சொன்னார். என் முறை வந்தது, போனது. கண் திறக்கவில்லை.

குடுக்கையைச் சுத்தம் செய்யும்போது எடுத்த விதைகளை ஒரு பாட்டிலில் போட்டு வைத்திருந்தேன். கூட்டு வைக்கலாமா என்று முதலில் ஆசை வந்ததும் உண்மை. ஆனால் இப்புவில் கசப்பு வகையும் உண்டு, கசக்கும் சுரைக்காயை நம்பக் கூடாது. நட்டுவிடலாம் என்றால், பழைய ஹவாய் முறைப்படி இப்பு விதையைத் தொப்பை பெரிதாக உள்ள ஆள்தான் நட வேண்டுமாம். வயிறுமுட்டச் சாப்பிட்டுவிட்டு, கனமான குடுக்கையைச் சுமப்பவர்போல வளைந்து நடந்துவந்து போட வேண்டும், அப்போதுதான் காய் பருக்கும். ஹுவா என்னும் நிலவு இரவு அதற்கு நல்லது. ஹுவா என்றால் முட்டை, காய். என் கணவரிடம் இதை எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் யோசித்தேன். "என்னைப் பார்த்தா தோன்றியது?" என்றார். ஆனால் அன்று இரவு பிரியாணி சாப்பிட்டுவிட்டு, தானாகவே வளைந்து நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தார்.

கொடி இப்போது வேலியைத் தாண்டிவிட்டது. பூ சாயங்காலம்தான் விரிகிறது, வெள்ளையாக. ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் நானே தடவிவிடுகிறேன். நேற்று ஒரு பிஞ்சு பிடித்திருக்கிறது, எலுமிச்சை அளவு. ஈ வருவதற்குள் பழைய காலுறை ஒன்றை மாட்டிக் கட்டிவிட்டேன்.